புதுசை விடத் தடித்த டியூப்

கறம்பக்குடிப் பக்கத்து அரிசி ஆலையில் பாய்லர் டியூப் வெடித்து, செல்வராசு அண்ணனுக்குக் கை வெந்துவிட்டது என்று போன் வந்ததும் ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு அல்ல, பீரோவுக்கு. போன வாரம் அந்த டியூப்களை அளந்து நான் கொடுத்த ரிப்போர்ட்டில் கையெழுத்து புரிகிறதா என்று பார்க்க. எப்போதும் கோழி கிளறியதுபோல் போடுகிறவன், அன்று பார்த்து அச்சடித்ததுபோல் போட்டிருந்தேன்.

அளக்கப் போன அன்று பாய்லரை நிறுத்தி ஆறவைத்திருந்தார்கள். டியூப்பில் கிரீஸ் தடவி ப்ரோபை வைத்தால், ஒலி சுவருக்குள் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு மீட்டர் தடிமனைச் சொல்லும். புதிதில் 3.2 மில்லி. எல்லாம் தேய்ந்து 2.6, 2.7 என்று காட்டின. மூன்றாவது டியூப் மட்டும் 3.4.

பாய்லர் ஓட்டுகிற செல்வராசு அண்ணன் அதை ஸ்பேனரால் தட்டினார்.

“சார், இங்கிட்டு மட்டும் சத்தம் ஒரு மாதிரி கேக்குது.”

“அண்ணே, இது டியூப்பு. தவிலு இல்ல.”

நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் குஷியிலேயே ‘ஓகே’ எழுதினேன்.

பிறகு ஆலைக்குப் போய், வெடித்த டியூப்பில் கிழியாத பக்கத்தை மைக்ரோமீட்டரில் பிடித்தேன். 1.7. என் ப்ரோப் இரண்டு மில்லிக்குக் கீழே அளக்காது. அதற்கும் மெலிந்த சுவரில் மீட்டர் இரண்டாவது எதிரொலியைப் பிடித்து இருமடங்காகக் காட்டும். வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் வாரம் நானே நடத்துகிற பாடம் இது.

ஆலை முதலாளி என் தோளில் கை போட்டார். “ஒங்க ரிப்போர்ட்டு சுத்தமா இருக்கு சார். அந்த ஆளு தண்ணி லெவல் பாக்காம விட்டுருப்பான். சரிதானே?”

என் தலை தானாக ஆடியது. தலையாட்டத் தைரியம் வேண்டியதில்லை.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் ‘என் அளவு தவறு’ என்று எழுதிக் கொண்டுபோனேன். முதலாளி படித்துவிட்டு மடித்தார். “இதுக்குப் பொறவு என்ன சார்? பாய்லருக்கு வேற ஆளு போட்டாச்சு.”

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் செல்வராசு அண்ணனிடமும் சொன்னேன். திட்டுவார் என்று கதவோரமாகவே நின்றிருந்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“நாந்தான் தட்டிக் காட்டுனேன்ல சார்.”

மீட்டர் பிடிக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: தேய்கிற இடத்தில் ஒரு டியூப் புதுசை விடத் தடிமனாகக் காட்டினால் ப்ரோபை மாற்றி மறுபடி அளங்கள். பக்கத்தில் ஒருவர் ஸ்பேனரோடு நின்றால், அதற்கும் முன்னால் வாயை மூடுங்கள்.