மச்சான் முகத்தில் இழுத்த இரண்டு கோடுகள்

கண்காட்சிக்குப் போனால் அந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது. உங்கள் ஓவியங்களில் யாருடைய பாதிப்பு அதிகம் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நானும் சளைக்காமல் அள்ளிவிடுவேன். ஐரோப்பாக்காரர்கள் இரண்டு பேர், வங்காளத்துக்காரர் ஒருவர், பிறகு எங்கள் ஊர் மாதா கோவில் சுவரில் இருந்த சிலுவைப்பாதைப் படங்கள். கோவிலைச் சொன்னதும் கேட்டவருக்கு முகம் மலர்ந்துவிடும், குறித்துக்கொள்வார். சொன்னதெல்லாம் பாதி உண்மைதான். மீதிப் பாதி, அரிக்கேன் விளக்கின் சிம்னியைத் துடைக்கிற என் அக்காவின் கை. அதைச் சொன்னால் அடுத்ததாக அக்காவைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குப் பயந்தே இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பா அம்மா போனபிறகு, தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவில் அவள் வாழ்க்கைப்பட்ட வீடுதான் எனக்கும் வீடு. பாத்திரம் தேய்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சாம்பலும் புளியும் கடற்கரை மணலும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் சட்டி அவளிடம் கெஞ்சும். அவள் தேய்த்த செம்பைப் பார்த்தே சவரம் செய்துகொள்ளலாம் என்று மச்சான் கேலி பேசுவார். சிம்னி துடைப்பது மட்டும் வேறு மாதிரி. பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு முதல் சுற்று அழுத்தித் துடைப்பாள், அடுத்த சுற்று லேசாக, கடைசியில் வெறும் உள்ளங்கையால் ஒரு தடவல். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகிவிடும்.

மெட்ராசில் ஓவியம் படிக்கப் போன இடத்தில் எச்சிங் பழகினேன். துத்தநாகத் தகட்டில் மெழுகைப் பூசி, அதில் ஊசியால் வரைந்து, தகட்டை ஆசிட்டில் முக்க வேண்டும். கோடு விழுந்த இடத்தை மட்டும் ஆசிட் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளங்களில் மையை ஏற்றி, மேலே நிற்கிற மையைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைக்கடியில் ஓட்டினால் படம் வந்துவிடும். சூட்சுமம் எல்லாம் அந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. துடைப்பு கூடினால் படம் வெளிறும், குறைந்தால் சேறு. கூடப் படித்தவர்கள் மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தபோது எனக்கு இரண்டாம் நாளே கைவந்துவிட்டது. பிறவிக் கலைஞன் என்றார்கள். நான் சிம்னியை நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

மச்சான் சங்கு குளிப்பவர், மூச்சடக்கிக் கடலடியில் இறங்கிச் சங்கு எடுப்பவர். பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்து, சங்கை நம்பிப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்த அறுபதுகளின் கடைசி அது. காலையில் வள்ளத்தில் போனால் பிற்பகலில் கண் சிவந்து திரும்புவார். ஒரு விடுமுறையில் மெழுகு பூசிய தகட்டை ஊருக்கே எடுத்துவந்து, அவரை உட்காரவைத்து வரைந்தேன்.

"அசையாம இருங்க மச்சான்" என்றதும் அவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, கன்னம் இறுகியது, கண் மட்டும் எங்கேயோ ஆழத்தில் எதையோ தேடியது. மூச்சு முட்டும்போது புஸ்ஸென்று விட்டுவிட்டுச் சிரித்தார்.

"படம் வரையுததுக்கு மூச்சடக்கணும்னு யார் சொன்னா?" என்றேன்.

"நீதான மாப்ள அசையக்கூடாதுன்ன. மூச்சு விட்டா நெஞ்சு அசையுமா அசையாதா?"

ஆக அந்தப் படம் முழுவதும் அவர் மூச்சடக்கிய நேரத்தில் வரைந்ததுதான். என் தகுதிக்கு மீறி வந்த படம். அந்தக் கழுத்து நரம்பை இன்றுவரை என்னால் மறுபடி போட முடிந்ததில்லை. மெட்ராஸ் திரும்பிப் பதினைந்து பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கண்காட்சியில் வைத்தேன். பதினைந்தும் விற்றுப்போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கென்று ஒன்றை எடுத்துவைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தாள் எதற்கு, தகட்டையே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

அக்கா அந்தத் தகட்டை மாதா சுரூபம் இருந்த அலமாரியில் சாய்த்து வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் சரிவாக விழும்போது கோடுகள் கறுத்து மச்சான் எழுந்து வருவார். அவர் கடலில் இருக்கும் நேரத்தில், அடுப்பு வேலைக்கு நடுவே, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள். "அவிய இங்கன இருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போவாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறையில் நான் ஊரில் இருந்தபோது கண்காட்சிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு பிரதிகூட எடுக்க மாட்டேன் என்பதற்குச் சத்தியமாக, தகட்டின் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு கோடுகளை ஆழமாகக் கீறிவிட வேண்டும். கீறியாகிவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இதைக்கூடச் செய்யாமல் நான் என்ன கலைஞன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். அலமாரியிலிருந்து தகட்டை எடுத்துத் தரையில் போட்டு, இரும்பு அளவுகோலை வைத்து, கூரான உளியால் ஒரே தடத்தில் ஏழெட்டு முறை இழுத்தேன். துத்தநாகம் சுருள் சுருளாகச் சிலும்பிக்கொண்டு வந்தது. ஒரு கோடு நெற்றியில் இறங்கி மூக்கைக் கடந்து தாடையில் முடிந்தது. இன்னொன்று கண்ணைத் தாண்டிக் கழுத்து நரம்புக்குப் போனது. மறைப்பானேன், ரொம்பத் திருப்தியாக இருந்தது. பெரிய ஊர்க்காரர்கள் செய்வதைச் செய்துவிட்ட நினைப்பு.

அக்கா குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தை நிதானமாக இறக்கி வைத்தாள். பிறகுதான் பார்த்தாள்.

"என்னல பண்ணுன?"

"இது வழக்கம்க்கா. இனிமே பிரதி எடுக்க மாட்டேன்னு..."

"ஏலே, அவிய தண்ணிக்குள்ள இருக்காவ."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஒரு விநாடி விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. சங்குக் கொட்டகைச் சுவரில் குளிப்பவர்களின் பெயர்ப்பட்டியல் தொங்கும். கடலில் ஒருவன் போய்விட்டால் அவன் பெயரின்மேல் குமாஸ்தா இப்படித்தான் குறுக்காக இரண்டு கோடு இழுப்பார். எங்கள் அப்பாவின் பெயரையும் அப்படித்தான் அடித்தார்கள். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது, அம்மாவால் எழுந்து போக முடியாததால் அவள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் கைக்குழந்தை. இந்தக் கதையை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். உளியைப் பிடித்திருந்த நேரத்தில் ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. அப்படி எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் திகைப்பாக இருக்கிறது.

அக்கா தகட்டை மாரோடு அணைத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, அதை ஊரெல்லாம் பேசித் திரிந்தவன். ஆனால் வெயிலில் நின்று ஒவ்வொரு வள்ளமாக வரும்போது நானும் தலைகளை எண்ணினேன். முதல் வள்ளத்தில் அவர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. "மச்சான் வள்ளம் எங்கன?" என்று இறங்கியவரிடம் கேட்டேன். பின்னால் வருகிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் காட்டிய திசையில் கடல்தான் இருந்தது. அக்கா வாய்க்குள் அருள் நிறைந்த மரியே செபத்தைத் தொடங்கினாள், பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதை நான்தான் செய்தேன் என்று முழுசாக நம்பினேன்.

மச்சான் கடைசி வள்ளத்தில் வந்தார். பாய் கிழிந்து நேரமாகிவிட்டதாம். இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, சங்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தவர் எங்களைப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் வரவேற்க வந்திருக்கிய?" என்றார். அக்கா தகட்டைத் திருப்பிக் காட்டினாள். பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "கணக்கு வாத்தியார் தப்புப் போட்ட மாதிரியில்லா இருக்கு" என்றார். அக்கா சிரிக்கவில்லை. வீடு வரைக்கும் அவர் ஈரத்தோளைத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் கேட்டாள். "ஏலே, இந்தக் கோட்ட எடுக்க முடியுமா?"

முடியும். சுரண்டி, மழுக்கி, மினுக்கி, பல நாள் பாடுபட்டால் எடுத்துவிடலாம். அதற்கென்றே கருவிகள் உண்டு. ஆனால் எடுத்தால் சத்தியம் போய்விடும், வாங்கிய பதினைந்து பேருக்கும் நான் பொய்யன் ஆகிவிடுவேன். இதையெல்லாம் அவளுக்கு விளக்கப் பொறுமை இல்லாமல், "எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப தாளுல அடிச்சதுல ஒண்ணு தா."

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் போயிட்டு."

யார் யாரோ முகம் தெரியாதவர்கள் வீட்டுச் சுவர்களில் என் மச்சான் மூச்சடக்கிக்கொண்டு இருந்தார். அக்கா வீட்டுச் சுவரில் மட்டும் அவர் இல்லை. அவள் தகட்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மெட்ராஸ் திரும்பி, நினைவிலிருந்தே அவரை வண்ணத்தில் வரைந்து அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எந்தக் கான்வாசிலும் முகம் பாதி வந்ததும் என் கை அதன் குறுக்கே எதையாவது போட்டுவிடும். ஒன்றில் கயிறு, ஒன்றில் துடுப்பு, ஒன்றில் ஜன்னல் கம்பியின் நிழல். ஒன்றைக்கூட ஊருக்கு அனுப்பும் தைரியம் வரவில்லை. பிற்பாடு அதையே என் பாணி என்று எழுதினார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒரு வருஷம் மனசு அரித்தது. கடைசியில் சத்தியமாவது ஒன்றாவது என்று முடிவு செய்தேன். சுரண்டியும் மினுக்குகோலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, புதுத் தகடு ஒன்றையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். போய்ச் சேர்ந்தபோது மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தத் தகட்டக் கொண்டா. கோட்ட எடுத்துத் தாரேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "முடியாதுன்ன?"

"அப்ப பொய் சொன்னேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய், வேட்டிச் சுருணையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்தேன். எனக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. தகடு பளபளவென்று இருந்தது. அதில் மச்சான் இல்லை. நெற்றி, கண், கழுத்து நரம்பு, ஒரு மயிரிழைகூட இல்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் என் முகம்தான் தெரிந்தது. அதன் குறுக்கே மூலைக்கு மூலை என் இரண்டு கோடுகள், நான் இழுத்த அன்று இருந்தபடியே.

"அவிய கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் தேச்சேன்" என்றாள் அக்கா. "சாம்பலும் புளியும் மணலும் வச்சு. கொஞ்சங் கொஞ்சமா அவியதான் போனாவ. உன் கோடு போகல."

துத்தநாகம் மெத்தென்ற உலோகம். புளியும் அதைத் தின்னும், மணலும் தின்னும். ஆசிட் அரித்த கோடுகள் மயிரிழை ஆழம்தான். என் உளி தகட்டின் பாதிக் கனத்துக்கு இறங்கியிருந்தது. தொழில் தெரிந்த நான் அன்றைக்கு ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தேய்த்திருக்க மாட்டாள். என் துடைப்புக்குக் குருவான கை அது. அந்தக் கையைக் கொண்டே அவரை அழிக்க வைத்திருக்கிறேன். நான் அழுதேன். அக்கா அழவில்லை, அவள் அதை எல்லாம் அந்த ஒரு வருஷத்திலேயே அழுது முடித்திருந்தாள்.

"வேற தகடு கொண்டாந்திருக்கேன்" என்றேன். "மறுபடி வரையுதேன். இந்தத் தடவ கோடு போட மாட்டேன், சத்தியமா."

மச்சானுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தார். முகத்தைத் தூக்கினார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அடக்கிக்கொண்டு, அசையாமல் இருந்தார். கழுத்து நரம்பு எழுந்து வந்தது. நான் ஊசியை எடுத்தேன்.

அக்கா எங்கள் நடுவில் வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவர் கன்னத்தில் கையை வைத்தாள்.

"மூச்ச விடுங்க" என்றாள்.

அவர் விட்டார். நான் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினேன்.