ஒட்டுத்தகட்டின் மறுபக்கம்

ஹாஜிரா டீச்சர் வீட்டு ஷெட்டில் ஒரு காருக்குத்தான் இடம். வெளியே நிறுத்தினால் கீழவாஞ்சூர்த் துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரித் தூசி படிந்துவிடும். அவரிடம் இருந்ததோ இரண்டு பழைய கார்கள். எதை வைத்துக்கொள்வது என்று பார்த்துச் சொல்ல, காரைக்காலில் நாற்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தி ஓய்ந்திருந்த என்னைத் திருமலைராயன்பட்டினத்துக்கு அழைத்திருந்தார்.

ஒன்று அவருடைய வாப்பாவின் பெஜோ, பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் வாங்கியது. மற்றது கணவர் எண்பதுகளில் வாங்கிய அம்பாசடர்.

பெஜோவில் சீட், பம்பர், விளக்கு எல்லாம் மாறியிருந்தன. இடப்பக்க ஸ்டியரிங்கையே வலப்பக்கம் கொண்டுவந்திருந்தார்கள். இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டில் பழைய ஸ்டியரிங் தண்டு போன துளையை ஒட்டுத்தகடு வைத்து அடைத்து வெல்ட் செய்திருந்தார்கள். அம்பாசடரில் ஒரு திருகுகூட மாறவில்லை. வாங்கிய கையோடு கணவர் சவுதிக்குப் போய்விட்டதால் அது அதிகம் ஓடவில்லை.

"பெஜோ ஒரிஜினல் இல்ல டீச்சர். எவனோ கத்துக்குட்டி கை வச்சிருக்கான்" என்றேன்.

"அதையே வச்சுக்கலாம்னு மனசுல இருந்துச்சுங்க. வாப்பா ஓட்டினது."

"ஆசை வேற, வண்டி வேற."

நான் டிப்ளமோ படித்தவன். என் பேச்சை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். பெஜோ காயலான் கடைக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். அந்த ஒட்டுத்தகடு. வெட்டும்போது எழுத்து தெரிந்ததென்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாராம். திருப்பிப் பார்த்தேன். எஸ்.கே. என்று பஞ்ச் அடித்திருந்தது.

ஒவ்வொரு வெல்டிலும் வெளியே தெரியாத பக்கம் என் இனிஷியலை அடிப்பது என் வழக்கம். விட்டுப்போனால் என்னிடமே திரும்பி வரட்டும் என்பதற்காக.

"என்னைக் காலேஜ்ல சேத்த வருஷம் வாப்பா ஸ்டியரிங்க மாத்துனாங்க" என்றார் டீச்சர். "கும்பகோணம் ரோட்டுல என்னைக் கொண்டுபோய் விடுறப்ப, லாரியை முந்துனா எதிர்ல வர்றது தெரியலன்னு. அந்தக் கத்துக்குட்டி யாருங்க?"

"நான்தான் டீச்சர்."

அவர் கோபப்படவில்லை. "வாப்பா அன்னிக்கி ஒங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவர் வாப்பாவின் முகம்கூட நினைவில்லை. இன்றும் யோசிக்கிறேன், அந்தக் காரைத் தொட்டதாகவே தோன்றவில்லை. ஆனால் தகடு பொய் சொல்லாது. அத்தனை வருடத்தில் வெல்டில் ஒரு விரிசல் இல்லை. நல்ல வேலை. அதைப் பழித்தவனும் நான், செய்தவனும் நான். இவர்களில் யாரை நம்புவது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. மகளுக்காக மாற்றிய காரை ஒரிஜினல் இல்லை என்று எந்தக் கணக்கில் சொன்னேன்?

இப்போது தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாற்றியிருப்பதைக் கண்டால், எதற்காக மாற்றினார்கள் என்று முதலில் வண்டிக்காரரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அம்பாசடர் ஷெட்டில் பளபளவென்று நிற்கிறது. டீச்சர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை.