மூட்டையைக் கீழே வைக்காத மீரான் காக்கா

செவ்வாய்க்கிழமை காலை மீரான் காக்காவின் மனைவி, ராத்தாவின் போன் வந்தபோது நான் ஃப்ரீவேயில் இருந்தேன். "ஷாகுல், காக்கா மௌத்தாயிட்டாங்க" என்றார். மரணச் செய்தி கேட்டதும் இன்னா லில்லாஹி சொல்ல வேண்டிய வாய், "யாரு ராத்தா சுட்டது?" என்று கேட்டுவிட்டது. "யாரும் இல்ல வாப்பா. தூக்கத்துலயே ஹார்ட் நின்னுடுச்சு" என்று அந்த நிலையிலும் எனக்குப் பதில் சொன்னார். வண்டியை ஓரங்கட்டி அழுதேன்.

அப்படி ஏன் கேட்டேன் என்று சொன்னால்தான், மீரான் காக்காவைத் தெரியாதவர்களுக்கு அவரைத் தெரியும்.

டெக்சாஸின் கேட்டி நகரில், என் கம்பெனியில் அவர் பைப்லைன் இன்ஜினியர். ஒரே ஊர்க்காரர் என்பதால் எனக்குக் காக்கா, அண்ணன் மாதிரி. சனி, ஞாயிறு வந்தால் பழைய அரபிக் கிதாபுகளோடும் பைபிளோடும் உட்கார்ந்துவிடுவார். "பைபிளைத்தான் எப்பவோ மாத்திட்டாங்களே, அதையும் ஏன் சேர்த்துப் படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால் போச்சு. "மார்க்கம் படிச்ச ஆரம்ப கால ஆலிம்களே இதுல ஒரே பேச்சு பேசலப்பா. எழுத்தையே மாத்திட்டாங்கன்னு சிலர் சொன்னாங்க. எழுத்து சரிதான், அர்த்தத்தைத்தான் வளைச்சாங்கன்னு சிலர். நம்பவும் வேணாம், பொய்ன்னும் சொல்ல வேணாம்னு ஒதுங்கினவங்களும் உண்டு. ஆனா யூதங்க வேதம் தவ்ராத்தும், கிறிஸ்தவங்க வேதம் இன்ஜீலும் அல்லா இறக்குனதுதான், அதுல யாருக்கும் சந்தேகமே இல்ல" என்பார். நான் சமோசாவில் கவனமாக இருப்பேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனால், பள்ளிவாசல் வாசலில் கிழித்துப்போட்ட பைபிள். தாள்கள் பார்க்கிங் முழுக்கப் பறந்தன. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. "கூட்டித் தள்ளிடலாம்" என்றார் ஒருவர். "ஒளிஞ்சு வீடியோ எடுத்துட்டிருப்பான். நாமதான் கிழிச்சோம்னு போடுவான்" என்றார் இன்னொருவர். எனக்கோ கிரீன் கார்டு வராத நேரம். வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குள் காக்கா குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார். "தொடாதீங்க காக்கா, கைரேகை படும்!" என்று கத்தினேன். "கை கால் கழுவி ஒளுவோடதான் தொடுறேன்" என்றார். நான் சொன்னது என்ன, அந்த மனுஷர் சொன்னது என்ன!

தாள்களையெல்லாம் தன் தொழுகை விரிப்பில் சுருட்டிக்கொண்டார். தொழுகை முடிந்ததும், "சர்ச்சுல கொடுத்துட்டு வந்துடலாம், வண்டிய எடு" என்றார். டெக்சாஸில், தாடியும் தொப்பியுமாக, கையில் மூட்டையோடு! மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் தனியாகப் போவார் என்ற பயத்தில் எடுத்தேன்.

சர்ச் வாசலில் இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. "மூட்டையைக் கீழே வை" என்றான். "இது உங்கள் வேதம் ஐயா, தரையில் வைக்க மாட்டேன்" என்றார் காக்கா. அவன் கை துப்பாக்கிக்குப் போனது. யா அல்லாஹ்! காக்கா மூட்டையோடு இரண்டு கையையும் நீட்டி, "நான் அசையவில்லை, நீங்களே பிரித்துப் பாருங்கள்" என்றார். அவன் கிட்டே வந்து ஒரு மடிப்பைப் பிரித்தான். தாளைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பெண்மணியைக் கூட்டிவந்தான். அந்தம்மா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் காக்காவால் சீட் பெல்ட்டைப் போட முடியவில்லை. "பயந்துட்டேன் ஷாகுல்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கீழ வச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? ராத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்தினேன். "எந்த வரி அல்லாவோட வார்த்தைன்னு தெரிஞ்சிருந்தா, அதை மட்டும் கையில வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கீழ வச்சிருப்பேன். தெரியலையே!" என்றார். அன்றிலிருந்து அவர் பெயர் போனில் வந்தாலே எனக்குப் பதறும்.

நேற்று அடக்கம். கபுர்க் குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது, வெளியே ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி சட்டென்று வேகம் குறைந்தது. மண்வெட்டிகள் நின்றன. நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம், இமாம் உட்பட. வண்டி போய்விட்டது. திரும்பிப் பார்க்காதவர் காக்கா மட்டும்தான்.

போய் வாருங்கள் காக்கா. உங்கள் பயம் முடிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நான் தனியாக நடுங்க வேண்டும்.