அயனிப் பெஞ்சுக்குப் பூசிய சாயம்

எங்கள் வீட்டு முற்றத்தில் கிடக்கிற பெஞ்சு அயனி மரத்தில் செய்தது. வீடு கட்டும்போது மிச்சம் வந்த பலகை. அதில் நான் மட்டும் உட்கார்ந்ததே கிடையாது. சாயங்காலம் ஆனதும் என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் இடம் பிடித்துவிடுவார்கள். பேச்சு ரப்பர் விலையில் தொடங்கி உலக அரசியல் வரை போகும். எனக்கு உள்ளே சாயா போடுகிற உத்தியோகம்.

ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம், அந்தப் பெஞ்சில் நான் காலை நீட்டிக் காற்று வாங்க வேண்டும். இது ஒரு பெரிய ஆசையா?

போன சித்திரையில் வழி கிடைத்தது. வெயிலும் மழையும் தின்று பெஞ்சு சாம்பல் நிறமாகி, கால்களில் பாசி பிடித்திருந்தது. "கழுவிச் சாயம் பூசப்போறேன், காயிற வரைக்கும் ஒருத்தரும் இருக்கப்பிடாது" என்று அறிவித்தேன். காய்ந்ததும் முதலில் உட்காரப்போவது நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

சோப்புத்தூள் கரைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் பச்சையாக ஓடியது. நன்றாக வெயிலில் காயவைத்து, மர ரேகை போகிற போக்கிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அயனியின் மஞ்சள் மெல்ல வெளியே வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வடசேரிக் கடையில் சாயம் வாங்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார்: "லேசா பூசிட்டு, கொஞ்சம் கழிச்சு மிச்சத்தத் துணி வச்சுத் தொடச்சு எடுத்திரணும்." நல்ல கூத்து! துட்டுக் கொடுத்து வாங்கியதைத் துடைத்து எறியவா? தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல் தாராளமாகப் பூசினேன். துடைக்கவில்லை.

கூட்டாளிகள் வரவில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, பெஞ்சைச் சுற்றிப் போட்டு, அது காய்வதை மேற்பார்வை பார்த்தார்கள். அதற்கும் சாயா. ஒரு வாரம் ஆகியும் பெஞ்சு காய்ந்தபாடில்லை.

கூட்டாளிகளில் ஒருவரான பக்கத்து வீட்டு ரப்பர் வியாபாரி விரலால் தொட்டுப் பார்த்தார். "மைனி, இன்னும் பிசுபிசுன்னுல்லா இருக்கு. தொடைக்காம விட்டுட்டியளா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்ததோ! "அதெல்லாம் நல்லாக் காஞ்சாச்சு" என்று பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. நைட்டி அட்டைபோல் ஒட்டிக்கொண்டது. எழுந்தால் 'பர்'ரென்று சத்தம் கேட்கும், மானம் போகும்.

ஆகவே எழவில்லை. காலை நீட்டினேன். நல்ல காற்று. ரப்பர் விலையைப் பற்றி எனக்கும் நாலு அபிப்பிராயம் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் அடுக்களைப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அடுக்களையைப் பார்த்தார்.

"ஏட்டி, சாயா?"

"பால் ஃபிரிட்ஜில இருக்கு."

எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வந்து முதல் கிளாஸை என்னிடம்தான் நீட்டினார். சீனி கூடிப்போயிருந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, அவசரப்படாமல், அதைக் குடித்து முடித்தேன்.