சிடுமூஞ்சி கட்சி

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. நான் சிடுமூஞ்சி கட்சி. என் கொழுந்தனார் மனைவி சிரிச்சமூஞ்சி கட்சி. ஓட்டுப் போடுகிற கட்சிகளைப் பற்றி நாங்கள் இருவரும் வாயே திறப்பதில்லை. ஆனால் இந்த இரண்டு பேருக்காகச் சண்டை போட்டுக் குழம்பைத் தீய விட்டிருக்கிறோம்.

சிடுமூஞ்சி, சிரிச்சமூஞ்சி இருவரும் ஒரு ஜப்பான் கார்ட்டூனில் வருகிற வாலிபால் கேப்டன்கள். தமிழில் பேசுகிற மாதிரி வந்ததால் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். அவர்கள் அலுத்துப்போய் வேறு எதற்கோ தாவிவிட, நாங்கள் மாட்டிக்கொண்டோம். சாயங்காலம் கம்பம் டவுனில் உரக்கடை வேலை முடிந்து நான் வந்ததும், ஆளுக்கொரு முறத்தில் சின்ன வெங்காயத்தை அள்ளிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம்.

சிடுமூஞ்சி ஆட்டத்துக்கு முந்தின நாளே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவான். யார் எங்கே நிற்பது, எந்தப் பந்து யாருக்கு, எல்லாம் அவன் சொன்னபடிதான். யோசிப்பது அவன் வேலை, அடிப்பது மற்றவர்கள் வேலை. ஜெயித்தாலும் ஒருவன் முதுகில் தட்டிக்கொடுக்க மாட்டான். சிரிச்சமூஞ்சி எதிர் அணி. ஒரு புள்ளி போனால் போதும், ஒவ்வொருவனிடமும் போய், உனக்குப் பந்து எங்கே வேண்டும், எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது போல விசாரிப்பான். எனக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கடையில் சுமை ஏற்றுகிறவர்களிடம், உங்களுக்கு எந்த மூட்டை பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் லாரி எப்போது கிளம்புவது? உத்தரவு போடுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

ஒரு கோப்பைப் போட்டியில், வேறு வேறு ஆட்டங்களில், இரண்டு அணியிலும் ஒவ்வொருவனுக்கு விரல் பிசகிவிட்டது. சிடுமூஞ்சி தன் ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே அனுப்பிவிட்டான். அந்தப் பையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சிரிச்சமூஞ்சி தன் ஆளிடம், ஆடுகிறாயா என்று கேட்டான். ஆடுகிறேன் என்றதும் பந்தை அவனுடைய இடது கைக்குத் தூக்கிக் கொடுத்தான். அது ஒன்றும் சரியாக விழவில்லை. கடைசியில் இரண்டு அணியுமே கோப்பையை வேறொரு பள்ளியிடம் கோட்டைவிட்டன.

“அந்தப் பையன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? உங்க ஆளு அதைக் கொஞ்சமாவது நெனச்சானாக்கா?” என்றாள் அவள்.

“வெரலு போனபெறகு மனச வச்சா பந்தடிப்பாக? தோத்ததும் நாந்தேன் தப்பாச் சொல்லிட்டேன்னு தலைய நீட்டுனது எங்க ஆளு. உங்க ஆளு, எல்லாருஞ் சேந்து எடுத்த முடிவுன்னு நழுவிட்டான்.”

“நழுவலக்கா. எல்லாரையும் கூட நிக்க வச்சான்.”

 அவள் உரித்த வெங்காயத்தில் தோல் ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு விளையாட்டுப் போட்டி நடக்கும். பெண்களுக்கு லெமன் ஸ்பூனும் கயிறு இழுப்பதும்தான் என்று இருந்ததை, பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடிவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் சேர்ந்து மல்லுக்கு நின்று மாற்றி, வாலிபாலையும் சேர்த்தோம். அதில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண், விரும்பினால் பிறந்த தெருவுக்கு ஆடலாம். என் கொழுந்தனார் மனைவி பிறந்தது வாய்க்கால் தெரு. இந்த வருஷம் அவளை அவர்கள் கேப்டனாக்கிவிட்டார்கள். நான் வடுகபட்டியில் பிறந்தவள். எனக்கு இந்த ஊரில் பிறந்த தெரு ஏது? வாழ்க்கைப்பட்ட பள்ளிக்கூடத் தெருவுக்கு நான் கேப்டன். இறுதி ஆட்டம் இந்த இரண்டு தெருவுக்கும்தான் என்று ஆனபோது, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இருவரும் ரகசியத் திட்டம் போட்டோம்.

அதே வழக்கப்படி எங்கள் தெருவுக்கு ஆட வந்தவர் என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா. சின்னமனூரில் கட்டிக்கொடுத்தது. ஐம்பதைத் தொட்டவர். படிக்கிற காலத்தில் பள்ளிக்கூட அணியில் ஆடியவர். பேச ஆரம்பித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். முன்பெல்லாம் பொங்கலுக்கு அவர் பஸ்ஸை விட்டு இறங்கியது, வீட்டுக்குள் இருக்கிற எங்களுக்கே தெரிந்துவிடும். மதினியின் வீட்டுக்காரர் தவறியதிலிருந்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது. போன வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. இந்த வருஷம் வந்தவர், பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“என்னையும் ஆட்டத்துல சேத்துக்கிருவியாத்தா?”

 சேர்க்காமல் என்ன செய்வேன்? ஆனால் என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாத்துக்கத்தா, அவளை ரொம்ப ஓட விட்டுறாத” என்றார். பிறகுதான் தெரிந்தது, அணியில் இருக்கிற ஒவ்வொருத்தியிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

சிடுமூஞ்சியாக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பான். ஆட முடிந்தால் ஆடு, இல்லையென்றால் வெளியே போ. எனக்கு அது வரவில்லை. தாய் வீட்டுக்கு வந்த மதினியிடம், ஊரே பார்க்க, மாமியார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நான் எப்படி உத்தரவு போடுவது? பின்வரிசை மூலையைக் காட்டி, “அங்கன நின்னாப் போதும் மதினி, வர்ற பந்தை நாங்க பாத்துக்கிருவோம்” என்றேன். அவர் சேலைக்கு மேல் தம்பியின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு தலையாட்டினார்.

நாங்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. மதினி பக்கம் பந்து வந்தாலே, அவர் பாவம், கஷ்டப்படக் கூடாது என்று ஆளாளுக்கு அந்த மூலைக்குப் பாய்ந்தோம். இரண்டு பேர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். விழுந்தவர்களை மதினிதான் தூக்கிவிட்டார். என் கொழுந்தனார் மனைவி வலைக்கு அந்தப் பக்கம் இருந்து இதைக் கவனித்துவிட்டாள். ஒரு பந்தை மூலைக்கு ஆசை காட்டுகிற மாதிரி அனுப்புவாள். நாங்கள் எல்லோரும் அங்கே கூடி நிற்கும்போது, அடுத்த பந்தைக் காலியாகக் கிடக்கிற மைதானத்தில் நோகாமல் போடுவாள். அவளுடைய அணி ஒவ்வொரு புள்ளிக்கும் கூடிக் கூடிப் பேசிச் சிரித்தது. முதல் செட் போயே போய்விட்டது.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மதினி ஓரமாக நின்று பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். வேறு வழி இல்லாமல் சிரிச்சமூஞ்சி செய்கிற வேலையைச் செய்தேன். போய்க் கேட்டேன்.

“மதினி, நீங்களே சொல்லுங்க. நாங்க என்ன செய்யணும்?”

மதினி பந்தைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏத்தா, நான் ஆட வந்தேனா, சீர் வாங்க வந்தேனா? அவுக போனதுலருந்து எல்லாரும் எங்கிட்ட ஆஸ்பத்திரியில பேசுற மாதிரியே பேசுறாக. எம்பிள்ளைக, எதுத்த வீட்டுக்காரி, எங்காத்தா, எல்லாருந்தேன். இப்ப நீயும். ஒரு ஆளாவது என்னைய வையுங்களேன். கேப்டன்தான நீ? பந்த விட்டா கத்து.”

எனக்குக் கண் கலங்கியது, அடுத்த நிமிஷமே சிரிப்பும் வந்தது. என்னைக் கத்தச் சொல்லி ஒருவர் கேட்பது, என் ஜாதகத்திலேயே எழுதாத யோகம்.

இரண்டாவது செட்டில் மதினியை மூலையிலிருந்து வலைக்கு முன்னால் கொண்டுவந்தேன். முதல் பந்தை அவர் தவறவிட்டார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன்.

“எங்க பாத்துக்கிட்டு நிக்கிறீக மதினி? கைய மேல தூக்குங்க!”

 மாமியார் நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டார். வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மதினி மட்டும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, பந்து வரட்டும் என்று நின்றார். அடுத்த பந்தை அவர் அடித்த அடியில் வாய்க்கால் தெருக்காரி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆள் இல்லை. நகருங்க, குனியுங்க, விட்டுத்தள்ளுங்க, அது வெளிய போகுது என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாவது செட் எங்களுக்கு.

மூன்றாவது செட் கடைசி வரை இழுத்துக்கொண்டு போய், ஒரே பந்தில் கைநழுவியது. தோற்றுவிட்டோம். என் கொழுந்தனார் மனைவி வலைக்குக் கீழே நுழைந்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“கேட்டீகள்லக்கா, மதினிகிட்டப் போயி? பாத்தேன். அது எங்க கட்சி!”

“கேட்டதுக்கு அவுக என்ன சொன்னாக தெரியுமா? கத்தச் சொன்னாக. அது எங்க கட்சி!”

எங்களை விலக்கிக்கொண்டு மதினி நடுவில் வந்து என் முன்னால் நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“கட்சி கெடக்கட்டும். கடைசிப் பந்த வலைய ஒட்டித் தூக்குன்னா, கோபுரத்துக்கு மேல தூக்கி வுடுற! உன்னைய எவ கேப்டனாக்குனா?”

“நீங்க ஒரு குதி குதிச்சிருந்தா எட்டியிருக்கும்!”

“நான் எதுக்குக் குதிக்கணும்? என் கைக்குக் குடுக்கத் துப்பில்ல, குதிக்கச் சொல்ல வந்துட்டா!”

மைதானத்தில் ஆரம்பித்தது கடைத்தெருவைத் தாண்டியும் ஓயவில்லை. நான் ஒன்று சொன்னால் மதினி ஒன்பது சொன்னார். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வீட்டுக்காரர் பதறிப்போய், பொங்கலும் அதுவுமாக என்ன இது என்று எங்கள் நடுவே வரப் பார்த்தார். மாமியார் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

“சும்மா இர்றா. சண்ட போடட்டும். எம்மக சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சு.”