முயலுக்குக் கோழித் தீவனம்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் கலவை பார்க்கிறவர். லாரியில் வந்த மக்காச்சோளத்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தே, ஈரமா இல்லையா என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் சோயாவும் கருவாட்டுத் தூளும் கலந்த வாடைதான் முதலில் வரும், ஆள் அப்புறம்தான். கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டும். பிறகு பழகிவிட்டது.

மகள் போன வருஷம் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு ஓமலூருக்குப் போய்விட்டாள். பையன் நல்ல பையன். இவருக்கு மட்டும் ஆகவில்லை. எனக்கு மகளே இல்லை என்று தெருவே கேட்கச் சொன்ன மனுஷன், அவள் விட்டுப்போன முயலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் இருக்கும் வாடகை வீட்டில் நாய், பூனை, முயல் எதற்கும் இடமில்லையாம். வெள்ளை முயல், காது மட்டும் சாம்பல் நிறம். எங்களோடு தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்குப் போன் செய்வாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்வேன். வேண்டுமென்றேதான். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்காருவார். ஆனால் ஃபேனை நிறுத்திவிடுவார், அதன் இரைச்சலில் மகள் பேசுவது கேட்காது என்று. வியர்வை வடியும், பேப்பரில் பக்கம் புரளாது. அவளாவது அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கலாமே! கேட்க மாட்டாள். அப்பனுக்குத் தப்பாத வீம்பு. "முயலு திங்குதாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

"காஞ்ச புல்லு எப்பவும் கூண்டுல கெடக்கோணும்மா. முக்காவாசி அதுதான் தீனி. கொத்தமல்லி, முள்ளங்கித் தழை ஒரு கை. கேரட்டு ஆசைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான்."

ஒரு ஞாயிறு அவள் இப்படிச் சொல்லிப் போனை வைத்ததும் பேப்பருக்குப் பின்னாலிருந்து உறுமல் வந்தது. "புல்லுல என்ன சத்து இருக்குது?"

மறுநாளே மில்லிலிருந்து ஒரு பை வந்தது. முட்டைக் கோழிக்குப் போடும் தீவனம். சோளம், புண்ணாக்கு, முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் தூள், எல்லாம் சேர்ந்தது. முயல் கிண்ணத்தைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

"ஏனுங்க, முட்டை போடாத உசுருக்குக் கிளிஞ்சல் எதுக்குங்க?"

"நீ சும்மா இரு புள்ள. ஊருக்கே தீவனம் கலக்கறவனுக்கு நீ சொல்லித் தர்றயா?"

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. அவர் மில்லுக்குப் போனதும் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் புல்லைப் போடுவேன். முயல் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். சாயங்காலம் அவர் வந்து மறுபடி கிண்ணத்தை நிரப்புவார். மகளிடம் சொன்னேன். "ஐயோ, அதைப் போடக் கூடாதும்மா, அப்பாகிட்டச் சொல்லு!" என்று பதறினாள்.

"நீயே சொல்லேன், இங்கதான் உக்காந்திருக்கறாரு."

போன் அமைதியாகிவிட்டது. பேப்பரும் அசையவில்லை. ஒருவர், ஒரே ஒருவர், வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

முயல் கொழுகொழுவென்று ஆனது. அதை மடியில் தூக்கி வைத்து, "பாத்தியா புள்ள, எப்படி இருக்குது!" என்று காதைத் தடவுவார். மகள் சின்னவளாக இருந்தபோது போதும் போதும் என்று கத்தக் கத்த இப்படித்தான் மடியில் வைத்துச் சோறு ஊட்டுவார்.

ஐப்பசி மழை விட்ட சமயம், கூண்டுக்கு அடியில் முயலின் மூத்திரம் காய்ந்து, கோலமாவு கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. அப்புறம் அது முதுகைக் குறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. தீவனத்தைக்கூடத் தொடவில்லை. இவர் மில்லுக்கு லீவு சொன்னார். கூடையில் வைத்து மொபெட்டில் நாமக்கல்லுக்கு, மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன தீனி என்று கேட்டார். இவர் பெருமையாகவே சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார்.

"கோழிக்கு இதைவிட நல்ல தீவனம் கெடையாதுங்க. ஆனா இது கோழி இல்லீங்களே. மூத்திரப்பை பூராச் சுண்ணாம்புச் சேறு. புல்லு இல்லாம குடலும் வேலை செய்யலீங்க."

வீட்டுக்கு வந்ததும் இவர் கூடையை இறக்கி வைத்தார். அன்றே யாரிடமோ அரிவாள் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் அறுத்து வந்து மொட்டைமாடியில் காயப் போட்டார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக முயலின் வாய்க்குள் விட்டார். ஒரு காலையில் அது ஒற்றைப் புல்லை மெல்ல மென்றது. "திங்குது புள்ள, திங்குது!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் காலையில் அது செத்துக் கிடந்தது. கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே எடுக்கப் போனேன். இவர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"சாமி..." மகளை அவர் கூப்பிடுவது எப்போதும் அப்படித்தான்.

"அப்பாவா?"

அப்புறம் இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன். பேச வேறெதுவும் கிடைக்காமல் அவள் கேட்டாள், "முயலு திங்குதாப்பா?"

இவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்று ஜாடை காட்டினேன்.

"திங்குது சாமி. புல்லுதான் போடறேன். நானே அறுத்து, மாடியில காய வெச்சு... கொத்தமல்லி ஒரு கை. கேரட்டு ஒரே ஒரு துண்டு."

"இப்பத்தாம்ப்பா சரியாப் போடறீங்க," அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "பொங்கலுக்கு வாரேம்ப்பா. அதைத் தூக்கோணும்போல இருக்குது."

அதற்கப்புறம் போன் அவருக்குத்தான் வருகிறது. என்ன தின்றது என்று அவள் கேட்கிறாள், இவர் சொல்கிறார். மார்கழி பிறந்துவிட்டது. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. இன்று காலையும் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"யாருக்குங்க இந்தப் புல்லு?" என்று கத்திவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவகிட்டப் புல்லு அறுக்கறேன்னு சொல்லியிருக்கறனல்ல. அதாச்சும் நெசமா இருக்கட்டும்."