அண்ணன் வண்டிக்கு எங்கள் வீட்டுக் கரண்ட்

என் அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சும்மா உட்காரத் தெரியாதவன். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினான். உள்ளே கட்டில், ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் உண்டு. போன வருஷம்தான் அண்ணி நெஞ்சடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தாள். அவளைப் படுக்க வைத்தே கோயில் கோயிலாகக் கூட்டிப் போக அவனுக்கு ஆசை. திருப்புட்குழிப் பெருமாளைப் பார்த்துவிட்டு, உத்திரமேரூர் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாயங்காலம் வந்து நின்றான். ஜன்னல் வழியாக ஒயரை விட்டு எங்கள் ஹால் பிளக்கில் மாட்டினான். வண்டிக்குள் விளக்கு எரிந்ததும் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அண்ணிக்குக் காபி எடுத்துக்கொண்டு போய் வண்டிக் கதவின் கைப்பிடியைத் தொட்டேன். சுரீரென்று தோள்வரை ஒரு உதறு உதறியது. டம்ளர் எங்கேயோ போய் விழுந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

“காயலான் கடை வண்டிய இஸ்துக்கினு வந்து என்ன சாவடிக்கப் பாக்கிறியா?”

“எத்தினி ஊர்ல மாட்னேன், ஒண்ணும் ஆவல. ஈரக் கை, உனுக்கு அப்டி தோணிக்கீது” என்றான்.

“தோணுதா? நீ தொடு, பாக்கலாம்!”

ரப்பர் செருப்போடு வந்து தொட்டான். ஒன்றும் ஆகவில்லை. இளித்தான் பாருங்கள், வந்ததே கோபம் எனக்கு! அவன் பரம்பரையே என் பரம்பரை என்பதையும் மறந்து திட்டினேன். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஒயர்மேன் வந்தார். வந்ததும் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினார். மீட்டரை வைத்து வண்டியையும் எங்கள் போர்டையும் பார்த்தார்.

“ஃப்ரிட்ஜ்ல கரண்ட் கசியுது. எர்த் இருந்தா அது மண்ணுக்குப் போயிருக்கும். செருப்பு போட்டவருக்கு ஒண்ணும் தெரியாது, ஈரத் தரையில வெறுங்காலோட நிக்கிறவங்களத்தான் அடிக்கும். எர்த் பைப்பு எங்கக்கா?”

பொங்கலுக்கு முன்னால் வாசலுக்கு சிமெண்ட் போட்டோம். நடுவில் ஒரு சாண் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய கோலம் போட இடைஞ்சல். “அறுத்துட்டுப் பூசுப்பா” என்று மேஸ்திரியிடம் சொன்னவள் நான்தான். ஒயரும் அதோடு போயிற்று. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் பழி அண்ணன் வண்டியோடு போயிருக்கும். பொய் நாக்குவரை வந்தும் விட்டது.

அப்போது வண்டிக் கதவு திறந்தது. அண்ணி நின்றாள், வெறுங்காலோடு. கீழே நான் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை.

“நான்தான் அறுக்கச் சொன்னேன்” என்றேன்.

“புதுசா குழி தோண்டி எர்த் போட்டு, கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆவற டிரிப்பர் வெச்சி, ஃப்ரிட்ஜையும் சரி பண்ற வரிக்கும் ஒயர தொடாதீங்க” என்றார் ஒயர்மேன்.

அண்ணி மெல்ல இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மொகம் கழுவிக்கினு அப்பவே எறங்கலாம்னு வந்தேன்மா. நீ அவர அந்தக் கத்து கத்துனியா, பயந்துபோய் உள்ளயே உக்காந்துட்டேன்.”

அண்ணன் ஈரத் தரை என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.